அடிக்கடி பழுதாகும் ஃபியூவல் பம்ப்: கார் வைத்திருப்போருக்கு 30 பயனுள்ள குறிப்புகள்

ஃபியூவல் பம்ப் முதல் முறை பழுதானால் பணத்தைக் கொடுத்து மாற்றிவிட்டு மறந்துவிடுவோம். ஆறு மாதத்தில் அதே பம்ப் மறுபடியும் போனால்தான் வயிறு எரியும். குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிற காலையில் செல்ஃப் அடிக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகாது. பைபாஸ் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். வழக்கமான மெக்கானிக் வந்து பார்த்து, "பம்ப் போச்சு சார், மாத்திடலாம்" என்பார். ஏன் போனது என்று கேட்டால் பதில் வராது. பில் மட்டும் வரும்.

இந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. தரமான பம்ப் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்கக்கூடியது. அது வருடத்துக்கு ஒன்றாகச் செத்தால் டேங்க், ஒயரிங், வாங்கிய பாகம், பெட்ரோல், ஓட்டும் பழக்கம் ஆகியவற்றில் எங்கோ காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புது பம்ப் போடுவது அடுத்த செலவுக்கு நாள் குறிப்பதுதான். காரணத்தைத் தேடவும், மீண்டும் வராமல் தடுக்கவும், ஏமாற்றப்பட்டால் கேட்கவும் உதவும் குறிப்புகள் இவை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய மோட்டார் அது. பெட்ரோலை உறிஞ்சி, சாதாரண இன்ஜெக்டர் வண்டிகளில் சுமார் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் இன்ஜினுக்கு அனுப்புகிறது. சுற்றியிருக்கும் பெட்ரோலும் உள்ளே ஓடும் பெட்ரோலும்தான் அதன் சூட்டைத் தணிக்கின்றன, உராய்வையும் குறைக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் குறிப்புகளுக்குக் காரணம் தானாகவே விளங்கும்.

2. பம்பின் குரலைப் பழகிக்கொள்ளுங்கள். ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஏறக்குறைய இரண்டு வினாடி மெல்லிய ரீங்காரம் கேட்டு நிற்கும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தி இதைக் கேட்கலாம். வண்டி நன்றாக இருக்கும்போதே இந்தச் சத்தம் காதில் பதிந்திருந்தால், அது மாறும் நாளில் உடனே தெரிந்துவிடும். சில புதிய மாடல்களில் டிரைவர் கதவைத் திறந்ததுமே பம்ப் ஓடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. பம்ப் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கும். மேட்டில் ஏறும்போதும் முந்தும்போதும் வண்டி இழுக்காது, திணறும். வெயிலில் நீண்ட தூரம் ஓடிய பின் அணைந்து, அரை மணி நேரம் ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பின் சீட்டிலிருந்து கூவும் சத்தம் வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தொலைதூரப் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வண்டியைக் காட்டுங்கள்.

4. உங்கள் காரில் எத்தனை பம்ப் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டர்போ பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் நேரடி இன்ஜெக்‌ஷன் முறை இருக்கிறது. அவற்றில் டேங்குக்குள் ஒரு பம்பும், இன்ஜின் மேல் உயர் அழுத்த பம்ப் ஒன்றும் உண்டு. எது பழுது என்று தெளிவாகச் சொல்லாமல் "பம்ப் மாத்தணும்" என்று மட்டும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

பம்ப் மேல் பழி போடும் முன்

5. ஃபியூஸ், ரிலே இரண்டையும் முதலில் பாருங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ எது எங்கே என்ற படம் இருக்கும். பல கார்களில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே வகையாக இருக்கும். எண்ணைச் சரிபார்த்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் கோளாறு ரிலேயில்தான், பல ஆயிரம் ரூபாய் செலவு மிச்சம். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் ஒயரிங் தீப்பிடிக்கும்.

6. ஜி.பி.எஸ். டிராக்கரையோ திருட்டுத் தடுப்புக் கருவியையோ வெளிக்கடையில் பொருத்தியிருக்கிறீர்களா? இவற்றில் பல, வண்டியைத் தொலைவிலிருந்தே நிறுத்துவதற்காகப் பம்புக்குப் போகும் ஒயரை வெட்டி நடுவில் ஒரு ரிலேயைச் சேர்த்திருக்கும். அந்த ரிலே மலிவானதாகவோ, இணைப்பு வெறும் டேப் சுற்றியதாகவோ இருந்தால் பம்புக்குக் கரண்ட் விட்டுவிட்டு வரும். புது பம்ப் போட்ட பிறகும் வண்டி நிற்பதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. இதைப் பற்றி மெக்கானிக்கிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

7. எலித் தொல்லை உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் ஒயரையும் பெட்ரோல் ஹோஸையும் வெளிச்சம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி கடித்த ஒயர் அன்றே காட்டிக்கொடுக்காது. மழைக்காலத்தில் ஈரம் இறங்கி, பச்சை பூத்து, சில மாதம் கழித்து வேலையைக் காட்டும். பெட்ரோல் வாசனை வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

8. பம்ப் கப்ளரில் வோல்டேஜ் அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுபடி மறுபடி பம்ப் போகும் வண்டிகளில் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. பம்ப் ஓடும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியில் உள்ள வோல்டேஜுக்கும் கப்ளரில் வரும் வோல்டேஜுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. துருப்பிடித்த எர்த், கருகிய பின், தேய்ந்த ரிலே என்று ஒவ்வொன்றாகத் தேடலாம். வோல்டேஜ் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றி அழுத்தம் இறங்கும். தளர்ந்த இணைப்பு சூடாகி கப்ளரையே உருக்கிவிடும்.

9. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் பம்ப் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐடிலில் எவ்வளவு, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது எவ்வளவு, இன்ஜினை அணைத்த பிறகு அழுத்தம் சிறிது நேரமாவது நிற்கிறதா என்று மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும். அணைத்ததும் சட்டென்று இறங்கினால் பம்பின் ஒருவழி வால்வு, பிரஷர் ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். பம்ப் நல்ல நிலையில் இருந்தும் ஃபில்டர் அடைப்பால் அழுத்தம் குறைவதும் உண்டு.

10. சூடானதும் அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் கிராங்க் சென்சாரையும் சந்தேகியுங்கள். பழைய கிராங்க் சென்சார் சூட்டில் வேலையை நிறுத்திவிடும். அறிகுறி பம்ப் கோளாறைப் போலவே இருக்கும். வண்டி நின்ற அந்த நேரத்தில் சாவியை ஆன் செய்து கேளுங்கள். பின் சீட்டில் ரீங்காரம் வழக்கம்போல் கேட்டால் பம்பைத் தவிர மற்றதையும் சோதிக்க வேண்டும். ஸ்கேன் கருவியைப் போட்டு, பதிவான பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் மாற்றும்போது

11. கழற்றிய பழைய பம்பை நீங்களே பாருங்கள். அடியில் இருக்கும் சல்லடை பல உண்மைகளைச் சொல்லும். பழுப்பு நிறத்தில் துகள் ஒட்டியிருந்தால் டேங்கில் துரு. சேறு போலப் படிந்திருந்தால் தண்ணீரோ கலப்படமோ இருக்கலாம். ரப்பர் துணுக்குகள் இருந்தால் ஏதோ ஒரு ஹோஸ் உள்ளே கரைகிறது. சல்லடை சுத்தமாக இருந்து மோட்டார் மட்டும் இறுகியிருந்தால் பாகத்தின் தரத்தையோ சூட்டையோ சந்தேகிக்கலாம். எதைக் கண்டாலும் போட்டோ எடுத்து வையுங்கள்.

12. டேங்கைக் கழுவாமல் புது பம்ப் போடாதீர்கள். அடியில் கசடு இருந்தால் புதிய சல்லடையும் சில மாதத்தில் அடைபடும். அடைபட்ட சல்லடை வழியாக உறிஞ்சப் போராடும் பம்ப் சூடாகிச் சாகும். "மேலாப்ல துடைச்சிட்டேன்" என்றால் போதாது. இருக்கும் பெட்ரோலை முழுவதும் இறக்கி, டேங்கின் உள்ளே வெளிச்சம் காட்டிப் பார்த்து, தேவையானால் டேங்கையே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். தகர டேங்க் உள்ளே துருப்பிடித்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் எத்தனை பம்ப் மாற்றினாலும் வீண்.

13. ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். சில வண்டிகளில் ஃபில்டர் வெளியே தனியாக இருக்கும். பலவற்றில் பம்ப் அசெம்பிளிக்குள்ளேயே இருக்கும், தனியாகக் கிடைக்காது என்பார்கள். எந்த வகை என்று கேட்டு, பில்லில் ஃபில்டர் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

14. மோட்டார் மட்டும் மாற்றுவதா, முழு அசெம்பிளியா? ரெகுலேட்டர், மிதவை, கப்ளர், பிளாஸ்டிக் உடல் எல்லாம் நன்றாக இருந்தால் தரமான மோட்டார் மட்டும் போடுவதில் தவறில்லை, செலவும் குறையும். ஆனால் மோட்டார் அந்த மாடலுக்கு உரிய அழுத்தமும் ஓட்டமும் கொண்டதாக இருக்க வேண்டும். "எல்லா வண்டிக்கும் சேரும்" என்று விற்கும் மோட்டாரைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு முறை மோட்டார் மட்டும் மாற்றி அது சீக்கிரம் போயிருந்தால், அடுத்த முறை முழு அசெம்பிளிக்குப் போவதே நல்லது.

15. போலி பாகத்தை அடையாளம் காணுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கினாலும் சரி, பெட்டியின் அச்சு, ஹோலோகிராம், பாகத்தின் எண், அதிகபட்ச விலை, தயாரிப்பு மாதம் ஆகியவற்றைப் பாருங்கள். பழைய பம்பில் பொறித்திருக்கும் எண்ணோடு புதிய பெட்டியின் எண்ணை ஒப்பிடுங்கள். பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பில் தர மறுக்கும் கடையில் பம்ப் வாங்கவே வேண்டாம். பழைய வண்டிகளிலிருந்து கழற்றி விற்கும் பம்பும் வேண்டாம், அதற்கு எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது.

16. டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய வளையம் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், மறுபடி சரியாக உட்காராது. வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி, பின் சீட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசனையும் கசிவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.

17. வீட்டில் நீங்களே கழற்ற முயலாதீர்கள். டேங்கைத் திறந்தால் பெட்ரோல் ஆவி தரையோடு பரவும், ஒரு சிறு பொறி போதும். வேலை செய்யும் மெக்கானிக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, லைனில் உள்ள அழுத்தத்தை இறக்கி, காற்றோட்டமான இடத்தில் பவுடர் தீயணைப்பான் அருகில் இருக்கச் செய்வதே முறை. ஹோஸை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்ச யாரையும் அனுமதிக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

அன்றாடப் பழக்கத்தில் கவனிக்க வேண்டியவை

18. கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் பம்புக்குக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது காற்றையும் உறிஞ்சும். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டு ஓட்டும் பழக்கம் பம்பின் ஆயுளைக் கரைக்கிறது. பம்ப் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அரை டேங்க் பெட்ரோல் வைத்திருப்பது லாபமே.

19. சி.என்.ஜி. வண்டிக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கேஸில் ஓடுகிறதே என்று பெட்ரோல் டேங்கைக் காய விடுகிறார்கள். வெளியில் கிட் பொருத்திய சில வண்டிகளில் கேஸில் ஓடும்போதும் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், டேங்க் காய்ந்திருந்தால் அது கருகிவிடும். அப்படியே சுற்றாமல் இருந்தாலும் பழைய பெட்ரோல் பிசினாகி பம்பை இறுக்கிவிடும். டேங்கில் போதுமான பெட்ரோல் வைத்து, அடிக்கடி சில கிலோமீட்டர் பெட்ரோலிலும் ஓட்டுங்கள். கேஸ் முறையில் பம்ப் நிற்கிறதா என்று கிட் பொருத்தியவரிடம் கேளுங்கள்.

20. எத்தனால் கலந்த பெட்ரோலைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது நாடு முழுவதும் வந்துவிட்டது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டி வைத்திருப்பவர்கள், இ-20க்கு ஏற்றதா, எந்த ஹோஸ், எந்த கேஸ்கெட்டை முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

21. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் காரில் டேங்கைக் காலியாக விடாதீர்கள். காலி இடத்தில் ஈரக்காற்று நிறைந்து, உள்ளே நீர் பூக்கும். நிரப்பி வைத்து, வாரம் ஒரு முறையாவது யாரையேனும் சிறிது தூரம் ஓட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் காரைப் பராமரிக்கும் பெற்றோருக்கு இது முக்கியம்.

22. பங்க்கில் உங்களுக்குள்ள உரிமையைப் பயன்படுத்துங்கள். ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்டால் இலவசமாகச் செய்து காட்ட வேண்டும். ஒரு துளி பெட்ரோல் ஆவியான பின் தாளில் கறை தங்கினால் கலப்படச் சந்தேகம். அடர்த்தியையும், 5 லிட்டர் அளவுக் குவளையில் அளவையும் சோதித்துக் காட்டச் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் அச்சிட்ட பில் வாங்குங்கள். பெட்ரோலால் பம்ப் போனது என்று நிரூபிக்க அந்த பில்தான் முதல் சாட்சி.

23. மழையில் தேங்கிய தண்ணீர் புகுந்த பங்க்கில் சில நாள் பெட்ரோல் போட வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற நேரத்தில் வண்டியே தண்ணீரில் நின்றிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். சாவியை ஆன் செய்தாலே பம்ப் ஓடி, டேங்கில் இறங்கியிருக்கும் தண்ணீரை லைன் முழுக்க ஏற்றிவிடும். இழுத்துச் சென்று டேங்கை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

24. டீசல் கார்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அவற்றின் உயர் அழுத்த பம்ப் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் தருவது. அதன் உட்பாகங்களுக்கு டீசலே எண்ணெய். டீசலில் தண்ணீர் கலந்தால் பம்ப் உள்ளே உராய்ந்து இரும்புத் துகள் உதிரும், அது இன்ஜெக்டர் வரை போகும். ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரைச் சர்வீஸில் தவறாமல் இறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் விளக்கு எரிந்தால் ஓட்டாதீர்கள். துகள் கண்டுவிட்டால் பம்பை மட்டும் மாற்றி என்ன பயன்? டேங்க், லைன், ரெயில், இன்ஜெக்டர் எல்லாம் சுத்தமாக வேண்டும். டீசல் வண்டியில் தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியை ஆன் நிலைக்குக்கூடக் கொண்டுபோகாமல் தள்ளி நிறுத்துங்கள்.

நடுவழியில் நின்றுவிட்டால்

25. ஓடும்போது இன்ஜின் அணைந்தால் பதறாதீர்கள். ஸ்டீயரிங் கனமாகிவிடும், ஆனாலும் திரும்பும். பிரேக் ஓரிரு முறைதான் வழக்கம்போல் பிடிக்கும், அதன் பின் பலமாக மிதிக்க வேண்டும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாகப் பிடியுங்கள். சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு, உருளும் வேகத்திலேயே இடது ஓரத்துக்கு ஒதுங்குங்கள். வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி எச்சரிக்கை முக்கோணத்தை வைத்துவிட்டு, எல்லோரும் சாலைத் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112.

26. பம்ப் இறுகியிருந்தால் ஒரு தற்காலிக வழி உண்டு. ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் டேங்கின் அடியை ரப்பர் சுத்தியலாலோ கை முட்டியாலோ மெதுவாகத் தட்டினால், சிக்கிய மோட்டார் சில நேரம் சுற்றிவிடும். போக்குவரத்து இல்லாத ஓரத்தில், பெட்ரோல் வாசனை இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள். இரும்புச் சுத்தியல் கூடாது. ஸ்டார்ட் ஆனால் நேராகப் பக்கத்து வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் இன்ஜின் பக்கம் இருந்த பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். டேங்குக்குள் இருக்கும் இன்றைய பம்புக்கு அந்த வைத்தியம் செல்லாது.

உங்கள் பணத்தையும் உரிமையையும் காக்க

27. உங்கள் வண்டி திரும்ப அழைக்கப்பட்டதா என்று பாருங்கள். பல நேரம் குற்றம் உங்களுடையதே அல்ல. டென்சோ நிறுவனம் தயாரித்த பம்புகளில் இம்பெல்லர் என்ற பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி உப்பி இறுகுவதாகத் தெரியவந்ததால், டொயோட்டா 2020இல் உலகெங்கும் 58 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதே 2020 ஜூலையில் மாருதி சுசூகி பம்ப் கோளாறுக்காக 1,34,885 வேகன்-ஆர், பலேனோ கார்களை அழைத்தது. ஹோண்டா 2024 அக்டோபரில் 90,468 கார்களுக்கு இலவசமாக பம்ப் மாற்றித் தருவதாக அறிவித்தது. உங்கள் சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துக் கேளுங்கள். இந்த மாற்றத்துக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. பழைய கார் வாங்குகிறவர்களும் முதலில் இதைப் பாருங்கள், முந்தைய உரிமையாளருக்குப் போன தகவல் உங்களுக்கு வந்திருக்காது.

28. ஏற்கெனவே பம்ப் மாற்றிவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். ஹோண்டாவின் அந்த 2024 அறிவிப்பில், முன்பே ஸ்பேர் பாகமாக அதே வகை பம்ப் போட்டுக்கொண்ட 2,204 வண்டிகளும் சேர்ந்திருந்தன. புதிதாகப் போட்ட பம்பும் குறையுள்ளதாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆகவே மாற்றிய பம்பின் எண், தேதி, கிலோமீட்டர், பில் எல்லாவற்றையும் ஆர்.சி.யோடு ஒரே உறையில் வையுங்கள். பழைய பம்பையும் கேட்டு வாங்குங்கள், பெட்ரோல் வடிந்து காய்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள்.

29. ஜாப் கார்டில் காரணத்தை எழுத வையுங்கள். "பம்ப் மாற்றப்பட்டது" என்ற ஒரு வரி போதாது. அளந்த அழுத்தம், வோல்டேஜ், டேங்கின் நிலை, பழுதின் காரணம், புதிய பாகத்துக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பவை இருக்க வேண்டும். உத்தரவாதம் பாகத்துக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். சாதாரண வாகனக் காப்பீடு இயந்திரப் பழுதுக்குப் பணம் தராது. ஆனால் வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு முழுக் காப்பீட்டில் கேட்கலாம், சாலையோர உதவியையும் கூடுதல் திட்டமாக எடுத்து வைக்கலாம்.

30. மறுபடி மறுபடி ஏமாற்றினால் சட்டத்தின் கதவைத் தட்டுங்கள். முதலில் நிறுவனத்துக்கும் டீலருக்கும் தேதி வாரியாக எழுத்தில் புகார் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஒரே மாடலில் பலருக்கும் இதே பழுது இருந்தால் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் உள்ள ரீகால் பகுதியில் புகாரைப் பதியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன, 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பம்புக்குப் பணம் கட்டும்போதே காரணத்தைக் கேளுங்கள். இரண்டாவது பம்புக்குக் காரணம் எழுத்தில் வராமல் பணம் கட்டாதீர்கள். உங்களுக்கு நேர்ந்ததைப் புகாராகப் பதிந்தும் வையுங்கள். ஒருவர் சொன்னால் "உங்க வண்டிக்கு மட்டும்தான் சார் இப்படி" என்று அனுப்பிவிடுவார்கள். நூறு பேர் பதிந்தால் நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.